பெங்களூருவில் இருந்துகொண்டே ரேஸ் அணியில் பொறியாளர் ஆவதற்கு வழி

கேள்வி இதுதான்: மெக்கானிக்கல் பி.இ. முடித்து, ஒயிட்ஃபீல்டில் கார் கம்பெனிகளுக்கு டிசைன் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் இரண்டு வருட வேலை. கேடியா என்ற வடிவமைப்பு மென்பொருள் நன்றாக வரும், மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருள் ஓரளவு. கார் ரேஸ் அணி ஒன்றில் பொறியாளராகச் சேர வேண்டும். அதற்கு இங்கிலாந்து போய் எம்.எஸ்சி. படித்தே ஆக வேண்டுமா, இங்கிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

இங்கிருந்தே தொடங்கலாம், இங்கிருந்து தொடங்குவதுதான் நல்லதும்கூட. முதலில் ஒரு சீசன் முழுக்க ஏதாவது ஓர் அணியோடு டிராக்கில் நில்லுங்கள். கடன், விசா, எம்.எஸ்சி. எல்லாம் அதற்கப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 40 லட்சத்தைத் தாண்டும் படிப்பில் சேர்ந்துவிட்டு, கையால் ஒரு காரை அலைன்மென்ட் செய்த அனுபவம்கூட இல்லாமல் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதே வகுப்பில் சிறு வயதிலிருந்தே வார இறுதிகளில் கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியைக் கழற்றி மாட்டி வளர்ந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அணிக்காரர் யாரைக் கூப்பிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘ரேஸ் இன்ஜினியர்’ என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வெவ்வேறு பிழைப்புகள் இருக்கின்றன. ஒன்று தொழிற்கூட வேலை: பாகங்களை வடிவமைப்பது, தாங்குமா என்று கணக்கிடுவது, காற்றியக்கம், கட்டுப்பாட்டு மென்பொருள், சிமுலேட்டர். மற்றது டிராக் வேலை: டேட்டா (கார் சென்சார்களின் பதிவு), செட்டப் (டிராக்குக்கு ஏற்பக் காரைச் சரிசெய்து வைப்பது), டயர், ஓட்டுநரோடு ரேடியோவில் பேசுவது. ஃபார்முலா 1 அணி ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தாலும், பந்தய வார இறுதியில் காரை இயக்கும் பணியில் சுமார் 60 பேரைத்தான் விதி அனுமதிக்கிறது. மீதிப் பேர் அத்தனை பேரும் தொழிற்கூடத்தில்தான். உங்கள் கேடியா அனுபவம் நேராகத் தொழிற்கூட வேலைக்குப் பொருந்தும். ஆனால் இந்தியாவில் உள்ள சிறிய அணிகளில் அந்த வேலையே கிடையாது. ஒரு காருக்கு ஒரு பொறியாளர், ஒரு மூத்த மெக்கானிக், உதவிக்கு இன்னும் ஓரிருவர். அந்த ஒரு பொறியாளர்தான் டேட்டாவும் பார்ப்பார், செட்டப்பும் முடிவு செய்வார், டயர் கணக்கும் எழுதுவார். அதனால் இங்கே முதல் கதவு டிராக் வேலைதான், அதிலும் டேட்டா.

பெங்களூருவில் இருப்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது. 1982 முதல் இயங்கும் டிவிஎஸ் ரேசிங் பைக் பந்தயத்தில் கம்பெனியே நேரடியாக நடத்தும் அணி, முழுநேரச் சம்பள வேலை அங்கே உண்டு. பைக் என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், சென்சார் அளவுகளைப் பதியும் டேட்டா லாகரும் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டேம்பரும் அங்கும் அதே இயற்பியல்தான். பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது. வியாழன் இரவு மடிவாளாவில் சென்னை பஸ் ஏறினால் வெள்ளி காலை அங்கே இறங்கிவிடலாம். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கி.மீ. அதுவும் ஓர் இரவுப் பயணம்தான். ஊருக்குள்ளேயே மெக்கோ கார்ட்டோபியாவில் கார்ட் பந்தயம் நடக்கிறது. ராலியில் நாட்டம் இருந்தால் கர்நாடக மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 இருக்கிறது. ராலி கார்களைத் தயார் செய்யும் வொர்க்‌ஷாப்களும் பெங்களூருவில் உண்டு.

கார் வகுப்புகளின் பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் போங்கள். எல்ஜிபி ஃபார்முலா 4 என்பது கோவையில் பிறந்த, மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட கார். 2023-இல் தொடங்கிய ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப் வேறு, அது சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி நடப்பது, கார் பிரான்சின் மைகேல் தயாரிப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசினால் பிட்டில் (டிராக்கோரம் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்தில்) நிற்பவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும், இவர் டிராக் பக்கம் வந்ததில்லை என்று. இரண்டிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார்தான். இன்ஜினைத் தொட முடியாது, சேசிஸை மாற்ற முடியாது. வேகம் கிடைப்பது செட்டப்பிலும் ஓட்டுநரைத் திருத்துவதிலும் மட்டுமே என்பதால் டேட்டா பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அணியை அணுகுவதற்கு மின்னஞ்சல் பெரும்பாலும் பயன்படாது. சிறிய அணிகளில் அதைப் படிக்க ஆளில்லை. பயிற்சி நாளான வெள்ளிக்கிழமை, அணிகள் முகாமிட்டிருக்கும் பேடக்குக்கு நேரில் போங்கள். கார்கள் ஓடும்போதும், ஒரு காரைச் சுற்றி நாலு பேர் குனிந்து நிற்கும்போதும் போய்ப் பேசாதீர்கள். மாலையில் கடைசி ஓட்டம் முடிந்து, காரைத் துடைக்கத் தொடங்கும் நேரம்தான் சரியான நேரம். ‘ரேசிங் என்றால் எனக்கு உயிர் சார்’ என்று தொடங்க வேண்டாம், அங்கே இருக்கும் எல்லோருக்கும் அது உயிர்தான். என்ன செய்து தருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: ‘டேட்டா பார்க்கும் மென்பொருள்களில் மோடெக் ஐ2-வும் ஐம் ரேஸ் ஸ்டுடியோவும் தெரியும். டயர் பிரஷர், வெப்பநிலை, லேப் எண் எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதி வைக்கிறேன். அடுத்த சுற்றுக்கு என் செலவிலேயே வருகிறேன், ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.’ நாலைந்து அணிகளிடம் கேட்டால் ஓர் அணியாவது சரி என்னும். ஏனென்றால் எழுதி வைக்கும் வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. சீசன் பெரும்பாலும் ஆண்டின் பின்பாதியில் நடப்பதால், அணிகள் ஆள் சேர்க்கும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் வொர்க்‌ஷாப்புக்கே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

அந்த ‘எழுதி வைக்கும் வேலை’யில் உங்கள் பொறியியல் எங்கே வருகிறது என்பதற்கு டயர் காற்றழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை 25 டிகிரியில், நிழலில், கேஜில் 1.2 பார் வைக்கிறீர்கள். ஓடி டயருக்குள் காற்று 80 டிகிரிக்கு வந்தால் அது ஏறத்தாழ 1.6 பார் ஆகும். வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்து, கெல்வினில் போட்டால் வரும் பள்ளிக்கூடக் கணக்குதான். இப்போது அதே டயர் செட்டை இருங்காட்டுக்கோட்டை மத்தியான வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், டயர் 45 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் வைத்த 1.2 இப்போது 1.35 காட்டும். மெக்கானிக் ‘அதிகமாக இருக்கிறது’ என்று காற்றை இறக்கி மறுபடி 1.2 ஆக்குகிறார். அந்த டயர் ஓடி 80 டிகிரிக்கு வரும்போது 1.44-தான் இருக்கும். 0.16 பார் குறைவு. ஓட்டுநர் வந்து ‘கார் காலையில் இருந்த மாதிரி இல்லை, திசை மாற்றினால் சோம்பலாகத் திரும்புகிறது’ என்பார். உடனே ஒருவர் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வார், ஒருவர் விங்கை மாற்றச் சொல்வார். உங்கள் குறிப்பேட்டில் அழுத்தம் வைத்த நேரம், அப்போதைய டயர் வெப்பநிலை, வெயிலா நிழலா என்ற மூன்றும் இருந்தால் ஒரு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அன்றைய நாள் முழுக்கத் தவறான திசையில் போகும். இதை ஒரு தடவை சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அடுத்த சுற்றுக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

அடுத்தது கார்னர் வெயிட், அதாவது நாலு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து எடை பார்ப்பது. வேலை எளிது, பிழைக்கு இடம் அதிகம். ஓட்டுநரின் எடைக்குச் சமமான மூட்டையோ ஓட்டுநரோ சீட்டில் இருக்க வேண்டும், எரிபொருள் அளவு பந்தயத்தின்போது இருப்பதுபோல இருக்க வேண்டும், டயர் அழுத்தம் சரிபார்த்திருக்க வேண்டும், கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் இணைப்பு ஒருபக்கம் கழன்றிருக்க வேண்டும். காரைத் தராசில் ஏற்றியதும் முன்னும் பின்னும் அழுத்தி விட்டு சஸ்பென்ஷனை அமரவிட வேண்டும். இவ்வளவும் செய்தும் தரை மட்டமாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். கணக்குப் பாருங்கள்: நாலு சக்கரத்திலும் வீல் ரேட் (சக்கரத்தை ஒரு மி.மீ. நகர்த்தத் தேவையான விசை) 100 நியூட்டன்/மி.மீ., ஒரு தராசு மட்டும் 2 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. அந்தச் சக்கரத்திலும் அதன் எதிர்மூலைச் சக்கரத்திலும் சுமார் 5 கிலோ கூடும், மற்ற இரண்டிலும் 5 கிலோ குறையும். 700 கிலோ காரில் 50 சதவீதமாக இருக்க வேண்டிய குறுக்கு எடை (எதிர்மூலைச் சக்கரங்கள் இரண்டின் பங்கு) 51.4 என்று காட்டும். அதை நம்பி ஸ்பிரிங் இருக்கையைத் திருகினால், சரியாக இருந்த காரை நீங்களே கெடுத்துவிட்டீர்கள். தற்காலிக கராஜ்களில் சிமென்ட் தரையில் 2 மி.மீ. வேறுபாடு சர்வசாதாரணம். லேசர் லெவலோ தண்ணீர்க் குழாய் மட்டமோ வைத்து, மெல்லிய தகடுகள் கொடுத்துத் தராசுகளை மட்டப்படுத்தி, அவை இருந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த தடவை பத்து நிமிட வேலை.

டேட்டாவில் முதலில் கவனிக்க வேண்டியது வரைபடத்தை அல்ல, சென்சாரை. டேம்பர் நகர்வைப் பதியும் சென்சாரை 20 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 20 பதிவில், விட்டிருந்தால் அந்தப் பதிவால் பயனில்லை. சக்கரமும் ஹப்பும் துள்ளும் அதிர்வெண்ணே 10 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், அதைப் பிடிக்க 200 ஹெர்ட்ஸாவது வேண்டும். பிரேக் அழுத்தம், திராட்டில், ஸ்டீயரிங் மூன்றுக்கும் 50 முதல் 100 போதும். தண்ணீர் வெப்பநிலைக்கு நொடிக்கு ஒரு தடவை பதிந்தாலே தாராளம். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் லாகர் நினைவகம் பந்தயத்தின் பாதியில் நிறைந்துவிடும். ஒவ்வொரு காலையும் கார் தரையில் நிற்கும்போது ஸ்டீயரிங் நேராக இருக்கையில் பூஜ்யம் காட்டுகிறதா, டேம்பர்கள் நேற்றைய அளவில் நிற்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். விபத்துக்குப் பின் ஸ்டீயரிங் ராடு மாற்றியும் பூஜ்யத்தை மறுபடி வைக்காமல் விட்டால், இடது வளைவுகளில் மட்டும் கார் முன்பக்கம் விலகுவதுபோல் டேட்டா பொய் சொல்லும்.

அந்த முன்விலகலை, அதாவது அண்டர்ஸ்டீரை, எண்ணாகக் காட்டத் தெரிந்திருப்பது நேர்காணலிலும் கைகொடுக்கும். வீல்பேஸ் 2.7 மீட்டர், வளைவின் ஆரம் 40 மீட்டர் என்றால், டயர் வழுக்கலே இல்லாமல் திரும்ப முன்சக்கரம் சுமார் 3.9 டிகிரி திரும்பினால் போதும். ஸ்டீயரிங் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் டேட்டாவில் 5.5 டிகிரி வருகிறது என்று வையுங்கள். கூடுதலாக உள்ள 1.6 டிகிரிதான் பேச்சுக்குரியது. அது வளைவுக்குள் நுழையும்போது வருகிறதா, நடுவிலா, வெளியேறும்போதா என்று பிரித்துப் பார்த்த பிறகே செட்டப்பில் கை வைக்க வேண்டும். நுழைவில் மட்டும் என்றால் பிரேக் பேலன்ஸையும் ஓட்டுநர் பிரேக்கை விடும் விதத்தையும் முதலில் பாருங்கள். நடுவில் என்றால் டயர் அழுத்தம், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), ரோல் பார். வெளியேறும்போது என்றால் திராட்டிலை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார் என்பது.

டிராக்குக்குப் போகும் முன்பே இதையெல்லாம் பழக வழியிருக்கிறது. அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே என்ற சிமுலேட்டர் விளையாட்டில் செட்டப் பக்கத்தில் டெலிமெட்ரி (டேட்டா பதிவு) லேப் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து மாற்றினால், அது மோடெக் கோப்பாகவே பதிந்து கொடுக்கும். மோடெக் ஐ2 மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே காரில் பின் ரோல் பாரை மட்டும் மாற்றி இருபது லேப், திரும்பப் பழைய நிலையில் இருபது லேப் ஓட்டி, வித்தியாசம் உண்மையா, ஓட்டியவரின் ஏற்ற இறக்கமா என்று இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். கூடவே பைத்தானில் ஒரு எளிய லேப் சிமுலேஷன். காரை ஒரு புள்ளியாக வைத்துத் தொடங்குவது போதும். 40 மீட்டர் ஆரத்தில் உராய்வுக் குணகம் 1.3 என்றால் வேகம் மணிக்கு 81 கி.மீ. வரும், அங்கிருந்து முன்னும் பின்னும் வேகத்தைக் கட்டிக்கொண்டு போவதுதான் மொத்த வேலை. இந்த இரண்டும் சேர்ந்து, சான்றிதழ் வகுப்புகள் பத்துக்குச் சமம்.

பெங்களூருவில் வேலையில் இருப்போர் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேறு எந்த வேலையும், சம்பளம் இல்லாவிட்டாலும்கூட, முன் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்று இருக்கக்கூடும். அப்படியிருந்தால் வார இறுதியில் விளையாட்டு அணிக்குத் தன்னார்வமாக உதவுவதாகச் சொல்லி எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். நிறுவனத்தின் லேப்டாப்பிலோ, அதன் உரிமத்தில் இயங்கும் கேடியா, மேட்லாபிலோ அணியின் வேலையைத் தொடவே வேண்டாம். சுற்றுக்கு ஒரு வெள்ளிக்கிழமை என்றால் விடுப்புக் கணக்கையும் ஜனவரியிலேயே போட்டு வைக்க வேண்டும். பணம் பற்றி அணியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு, இரண்டாவது சீசனில் நாள் சம்பளம் உண்டா என்று. முதல் சீசனைத் தாண்டியும் இலவசமாக வேலை செய்யச் சொன்னால் வேறு அணி பாருங்கள். நல்ல வேலைக்குக் கூலி கேட்பது தவறில்லை.

சி.வி. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. ‘சஸ்பென்ஷன் குழுவில் பங்காற்றினேன்’ என்ற வரியால் ஒன்றும் தெரியாது. ‘பின் அப்ரைட்டை (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை) மறுவடிவமைத்து எடையை 1.4 கிலோவிலிருந்து 1.1 கிலோவாகக் குறைத்தேன், சீசன் முழுக்க விரிசல் இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சாயச் சோதனை செய்தேன்’ என்ற மாதிரி எழுதினால் தெரியும். எண்ணும் வேண்டும், அதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதும் வேண்டும். உங்கள் சொந்த எண்களைத்தான் போட வேண்டும், நேர்காணலில் அடுத்த மூன்று கேள்விகளும் அதிலிருந்தே வரும்.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மாணவர்களே பந்தயக் கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடன்ட் அணியில் இன்றே சேருங்கள். ஆர்.வி. கல்லூரியின் அஷ்வா, ஐஐடி மெட்ராஸின் ரஃப்தார் போன்ற அணிகள் கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகின்றன. 22 கி.மீ. எண்ட்யூரன்ஸ் ஓட்டத்தில் பெரும்பாலும் கார் நிற்பது ஒரு தளர்ந்த கனெக்டராலோ, உரசிக் கிழிந்த எரிபொருள் குழாயாலோதான். அந்தப் பாடத்தை வகுப்பறையில் கற்க முடியாது.

இப்போது வெளிநாடு. ஒரு சீசன் முடிந்து, ஓர் அணித்தலைவர் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் நிலை வந்த பிறகும் ஆசை இருந்தால், இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் மோட்டார் ஸ்போர்ட் எம்.எஸ்சி.க்குப் பெயர் பெற்றவை. இரண்டையும் சுற்றிய நிலப்பரப்பில்தான் தொழிலே இருக்கிறது: மில்டன் கீன்ஸில் ரெட் புல், பிராக்லியில் மெர்சிடிஸ், குரோவில் வில்லியம்ஸ், சில்வர்ஸ்டோனில் ஆஸ்டன் மார்ட்டின், என்ஸ்டோனில் ஆல்பைன். மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈ-யில் ஓடும் நம் மஹிந்திரா ரேசிங்கின் தொழிற்கூடமும் பான்பரியில்தான். அணிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்காமல், கியர்பாக்ஸ் செய்யும் எக்ஸ்ட்ராக், இன்ஜின் செய்யும் இல்மோர், காஸ்வர்த் போன்ற கம்பெனிகளுக்கும் போடுங்கள். அங்கே நெரிசல் குறைவு, கேடியாவும் உற்பத்தி அறிவும் உள்ளவருக்கு நேரடிப் பொருத்தம். பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை திறந்து மூடிவிடும். எம்.எஸ்சி. வகுப்பு தொடங்கும் அதே வாரங்கள் அவை. அதனால் விமானம் ஏறும் முன்பே சி.வி. தயாராக இருக்க வேண்டும்.

விசாக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் வேலை வேண்டும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2025 ஜூலையில் வருடத்துக்கு 41,700 பவுண்டாக உயர்த்தினார்கள். புதிதாக வேலைக்கு வருவோருக்கு 33,400 என்ற சலுகை உண்டு. இளநிலை டேட்டா இன்ஜினியர் சம்பளம் சிறிய அணிகளில் இந்த வரம்பைத் தொடுவதே சிரமம், அவற்றில் பலவற்றுக்கு ஸ்பான்சர் உரிமமும் இருக்காது. பெரிய அணிகள், பெரிய சப்ளையர்கள் என்று வட்டம் சுருங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு கடன் வாங்குவது வேறு, அங்கே போய்த் தெரிந்துகொள்வது வேறு. வேலைக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று கோரமங்கலா கன்சல்டன்சி எதுவும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் வெள்ளிக்கிழமைக்குப் பையில் இருக்க வேண்டியவை: கோடு போட்ட குறிப்பேடு, மழையில் கரையாத பேனா, ஸ்டாப்வாட்ச், ஊசி நுழைக்கும் வகை டயர் வெப்பமானி, நல்ல டிஜிட்டல் பிரஷர் கேஜ், முன்மூடிய ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். போனதும் உங்கள் கேஜை அணியின் கேஜோடு ஒரே டயரில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம்.